தேக்குத் தோட்டத்தின் உயிர்த்திரளைக் கணக்கிடும் முறை: மரத்தை வெட்டாமல் எடை காண்பது

சென்ற ஆண்டு உறவினர் ஒருவரின் தேக்குத் தோட்டத்தை அளந்து வந்து எக்செல்லில் கணக்கிட்டபோது, நடுத்தரமான ஒரு மரத்துக்கே ஏறத்தாழ 5 டன் எடை வந்தது. இரண்டு நாட்கள் சூத்திரத்தைச் சந்தேகித்தேன். பிழை நான் உள்ளிட்ட எண்ணில் இருந்தது. தரைக்கு மேலுள்ள உயிர்த்திரளை, அதாவது அடிமரம், கிளை, இலை ஆகியவற்றின் உலர் எடையை, மரத்தை வெட்டாமலே கணக்கிடும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் மாதிரித் திட்டு, அதாவது தோட்டத்தின் பிரதிநிதியாக அளக்கும் சிறு பகுதி. நடுவில் ஒரு குச்சியை ஊன்றி, 17.84 மீட்டர் ஆரத்தில் வட்டமிட்டால் அது 0.1 ஹெக்டேர் ஆகும். சரிவான நிலத்தில் இந்த ஆரத்தைக் கிடைமட்டமாகவே கொள்ள வேண்டும். பாதையோர வரிசையில் மட்டும் திட்டு அமைக்காதீர்கள். வெளிச்சம் மிகுதியாகக் கிடைக்கும் ஓர மரங்கள் உள்மரங்களைவிடப் பருத்திருக்கும்.

அடுத்து, மார்பளவு உயரமான 1.37 மீட்டரில் ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் அளந்து குறியுங்கள். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப்புறத்திலிருந்து அந்த உயரத்தைக் கொள்ள வேண்டும். தேக்கின் அடிப்பகுதி பள்ளமும் முகடுமாக இருப்பதுண்டு. அந்த அமைப்பு மார்பளவு வரை ஏறியிருந்தால், அது முடியும் இடத்துக்குச் சற்று மேலே அளந்து, அளந்த உயரத்தையும் எழுதிவையுங்கள். தையற்கடை டேப் இழுபடும் என்பதால் அதை நான் பயன்படுத்துவதில்லை. கண்ணாடியிழை டேப்பே போதுமானது.

நான் தடுக்கி விழுந்தது இதற்கு அடுத்த படியில்தான். நம் ஊரில் மரத்தைச் சுற்றளவால் பேசுவதே வழக்கம். சூத்திரமோ விட்டத்தைக் கேட்கிறது. ஆகவே சுற்றளவை 3.1416 ஆல் வகுத்த பிறகே மேற்கொண்டு செல்ல வேண்டும். 94.2 செ.மீ. சுற்றளவுள்ள மரத்தின் விட்டம் 30 செ.மீ. மட்டுமே. விட்டம் சூத்திரத்தில் இருமடியாக வருவதால், வகுக்க மறந்தால் விடை மூன்று மடங்கு அல்ல, ஒன்பது மடங்குக்கும் மேலாகப் பெருகிவிடும்.

உயரத்துக்குக் கிளினோமீட்டர், அதாவது சாய்கோணம் அளக்கும் கருவி, வேண்டும். மரத்தின் உயரத்துக்குக் குறையாத தொலைவில் நின்று உச்சியையும் அடியையும் பாருங்கள். மாசி, பங்குனியில் தேக்கு இலையுதிர்த்து நிற்கும்போது உச்சி தெளிவாகத் தெரியும். அடர்ந்த இலைக்காலத்தில் பக்கக் கிளையை உச்சியென்று எண்ணி ஏமாற இடமுண்டு.

மர அடர்த்தியில் இன்னொரு பொறி இருக்கிறது. மரக்கடைக்காரர் சொல்வது காய்ந்த மரத்தின் அடர்த்தி. நமக்கு வேண்டியதோ, முற்றிலும் உலர்த்திய எடையைப் பச்சை மரத்தின் கன அளவால் வகுத்துக் கிடைக்கும் எண். தேக்குக்கு நான் ஒரு கன செ.மீ.க்கு 0.55 கிராம் என்று கொள்கிறேன்.

இவை மூன்றும் கைவசமானால், 2014இல் ஆய்வாளர் சாவேயின் குழுவினர் வெளியிட்ட, வெப்பமண்டல மரங்களுக்கான சூத்திரம் (விட்டம் செ.மீ.யில், உயரம் மீட்டரில்):

எடை (கிலோ) = 0.0673 × (அடர்த்தி × விட்டம்² × உயரம்)^0.976

விட்டம் 30 செ.மீ., உயரம் 20 மீட்டர் எனில் அடைப்புக்குள் 9,900 வரும். எடை சுமார் 534 கிலோ. அதில் 0.47 பங்கைக் கரிமமாகக் கொண்டால் 251 கிலோ. ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டி, பத்தால் பெருக்கினால் ஹெக்டேருக்குரிய அளவு கிடைக்கும். சராசரி விட்டத்தை வைத்துக் குறுக்குவழி தேடாதீர்கள்: ஒரே உயரமுள்ள 20 செ.மீ., 40 செ.மீ. மரங்களைச் சராசரி 30 செ.மீ. என்று கொண்டால் உண்மை எடையில் ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்து காட்டும்.

இச்சூத்திரம் பெரும்பாலும் இயற்கைக் காட்டு மரங்களை வெட்டி எடைபோட்டு உருவாக்கப்பட்டது; கிளை கழித்து வளர்த்த தோட்டத் தேக்கின் சிறிய தலைப்பகுதியை அது அறியாது. ஆகையால் தோட்டத் தேக்குக்கென்றே உருவான சூத்திரம் கிடைத்து, உங்கள் மரங்களின் விட்டமும் அதன் வரம்புக்குள் அமைந்தால், அதையே விரும்புவேன். நெருக்கத்தைக் குறைக்க வெட்டி எடுத்த மரங்களின் கணக்கைத் தனித்தாளில் வையுங்கள். இல்லையேல் இரண்டு ஆண்டுகளின் அளவீட்டை ஒப்பிடும்போது, வளரும் தோட்டம் தேய்வதாகத் தோன்றும்.

பிற்சேர்க்கை: வாசகர் ஒருவருக்கு மரத்துக்கு 60 கிலோ கூடத் தேறவில்லை. அவர் பயன்படுத்தியது விட்ட டேப். மரத்தைச் சுற்றினாலும் அதன் கோடுகள் விட்டத்தையே காட்டும். அந்த எண்ணை அவர் மறுபடியும் 3.1416 ஆல் வகுத்திருந்தார். வனத்துறையினரிடம் டேப்பை இரவல் வாங்கினால், இரு பக்கக் கோடுகளையும் பார்த்துவிட்டே அளக்கத் தொடங்குங்கள்.