கெண்டைக்குத் தூண்டில் போடுவது எப்படி? ஏரிக்கும் ஆற்றுக்கும் ஒரு செய்முறை

கெண்டை இன மீன்களுக்கு வாயில் பல் கிடையாது, தொண்டைக்குள்தான் இருக்கிறது. அதனால் விரால் மாதிரி இரையைக் கவ்விக்கொண்டு ஓடாது. தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும், வாய்க்குள் வைத்துப் பார்க்கும், சந்தேகம் வந்தால் துப்பிவிடும். புதிதாகத் தூண்டில் பிடிப்பவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் தூண்டில் முள்ளின் அளவு, இரை மாவின் பதம், எப்போது தூண்டிலைச் சுண்டுவது எல்லாமே புரிந்துவிடும்.

முதலில் மீனைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டு ஏரிகளிலும் அணைகளிலும் குஞ்சு விட்டு வளர்க்கும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளியிலிருந்து வந்தவை. கட்லாவின் வாய் மேல்நோக்கி இருக்கும், மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுத்தண்ணீரில். மிர்காலும் சாதா கெண்டையும் தரையில். சாதா கெண்டைக்கு வாயோரம் இரண்டு ஜோடி மீசை உண்டு. அதை வைத்து அடையாளம் காணலாம்.

சாதா கெண்டை வெளிநாட்டு மீன். அதில் கண்ணாடிக் கெண்டை என்ற வகை 1939இல் இலங்கையிலிருந்து ஊட்டி ஏரிக்குக் கொண்டுவரப்பட்டது. குளிர் தாங்கும் மீன் என்பதால் மலையில் நிலைத்தது. கட்லாவும் ரோகுவும் அப்படியில்லை; தண்ணீர் குளிர்ந்தால் இரை எடுப்பதைக் குறைத்துவிடும்.

ஆரம்பத்தில் ரோகுவையும் சாதா கெண்டையையும் குறிவையுங்கள். கட்லா தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்பது, முள்ளில் எளிதாக ஏறாது. அதைப் பிறகு பார்க்கலாம்.

எப்போது போவது?

ஏரிக்கு என்றால் என் முதல் தேர்வு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய தண்ணீர் தெளிந்திருக்கும், வெயில் ஏற ஏற மீன் இரை தேட ஆரம்பிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் வற்றி மீன் பள்ளங்களில் சேர்ந்துவிடும். அப்போது விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை, பிறகு மாலை நான்கு மணிக்கு மேல். பாசி மண்டிய குளத்தில், மேகம் மூடிய இரவுக்கு அடுத்த காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் தூண்டிலைப் பிரிக்கவே வேண்டாம். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மூச்சுக்குத் தவிக்கிறது, இரை எடுக்காது.

காவிரியின் கணக்கு வேறு. மேட்டூர் அணையில் தண்ணீர் இருந்தால் பாசனத்துக்கு ஜூன் 12இல் திறப்பது வழக்கம். புதுத்தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் நிற்காதீர்கள். பாறைக்குப் பின்னால், வளைவின் உட்புறத்தில், தண்ணீர் சுழன்று அடங்கும் இடத்தில் போடுங்கள். கெண்டை அங்கேதான் ஒதுங்கும். அணையிலிருந்து திறக்கும் அளவு திடீரென்று கூடும். ஆற்று நடுவில் பாறைமேல் உட்கார்ந்து தூண்டில் போடவே போடாதீர்கள்.

இன்னொன்று: அணைகளிலும் ஊர் ஏரிகளிலும் மீன்பிடி உரிமை குத்தகைக்கோ ஏலத்துக்கோ போயிருக்கும். கேட்டு அனுமதி வாங்கிய பிறகே உட்காருங்கள்.

தூண்டில் கட்டுவது

எட்டு முதல் பத்தடி ராடு, சாதாரண ரீல், 0.30 மில்லிமீட்டர் நரம்பு (தூண்டில் நூல்), 8ஆம் எண் முள். பெரிய முள் வேண்டாம். உறிஞ்சும்போதே மீன் கனத்தை உணர்ந்துவிடும். நரம்பை முள்ளின் துளையில் நுழைத்து, நரம்பின் மேலேயே ஐந்தாறு சுற்று சுற்றி, நுனியைத் துளைக்குப் பக்கத்தில் உள்ள வளையத்துக்குள் விட்டு, எச்சில் தொட்டு இறுக்குங்கள். ஈரமில்லாமல் இறுக்கினால் நரம்பு உரசிச் சூடாகி அந்த இடத்திலேயே பலம் போய்விடும்.

தக்கை மெலிதாக இருக்கட்டும். அது ஒரு விரற்கடை மட்டும் வெளியே தெரியும் அளவுக்கு ஈயம் போடுங்கள்.

இரையும் தூவலும்

இரண்டு பங்கு கோதுமை மாவு, ஒரு பங்கு கடலைப் புண்ணாக்குத் தூள், கொஞ்சம் பொட்டுக்கடலை மாவு. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிட இளக்கமாக, ஆனால் வீசும்போது முள்ளிலிருந்து கழன்று போகாத பதம். கெட்டியாக இருந்தால் சுண்டும்போது முள் மாவுக்குள்ளேயே புதைந்து நிற்கும், மீனின் உதட்டில் ஏறாது. ஒரு சுண்டைக்காய் அளவு போதும். சாதா கெண்டைக்கு மண்புழுவும் நன்றாக வேலை செய்யும்.

பலர் அவசரப்பட்டு விட்டுவிடும் வேலை தூவல், அதாவது மீனை வரவழைக்க முன்கூட்டியே தண்ணீரில் இரை போடுவது. என்னைக் கேட்டால் பாதி மீன்பிடிப்பு இதில்தான் இருக்கிறது. முந்தைய இரவே புண்ணாக்கை ஊறவையுங்கள். காலையில் தவிடும் களிமண்ணும் சேர்த்து ஆரஞ்சுப்பழ அளவு உருண்டைகளாகப் பிடித்து, தூண்டில் விழப்போகும் அதே இடத்தில் நான்கைந்து போடுங்கள். பிறகு அரைமணி நேரம் சும்மா இருங்கள். கெண்டையின் காற்றுப்பை சிறு எலும்புகள் வழியாக அதன் உட்செவியோடு இணைந்திருக்கிறது. கரையில் நீங்கள் தொப்பென்று பெட்டியை வைத்தாலும் அதற்குக் கேட்கும்.

தரையிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பினால் மீன் வந்து சேற்றைக் கிளறுகிறது என்று அர்த்தம். ஈயத்தை மட்டும் கட்டி முன்பே ஆழம் பார்த்து வைத்திருப்பீர்கள் அல்லவா, அதற்கேற்பத் தக்கையை நகர்த்தி, சாதா கெண்டைக்கு இரை தரையைத் தொடும்படியும் ரோகுவுக்குத் தரையிலிருந்து ஓரடி மேலேயும் நிறுத்துங்கள்.

சுண்டுவது

தக்கை ஆடும். விடுங்கள். மறுபடி துடிக்கும். அப்போதும் விடுங்கள். அது உதட்டால் சோதிப்பது. தக்கை சாய்ந்து ஒரே பக்கமாக நகர்ந்தாலோ, சீராக உள்ளே இறங்கினாலோ, படுத்து மேலே மிதந்தாலோ, அப்போதுதான் மணிக்கட்டால் ஒரு சுண்டு. கையை வீசி இழுக்க வேண்டாம், உதடு கிழிந்துவிடும்.

மாட்டியதும் முதல் ஓட்டம் பலமாக இருக்கும். ரீலின் ட்ராக்கை (நரம்பு வெளியேறும் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) முன்கூட்டியே தளர்த்தி வைத்திருங்கள். கையால் பலமாக இழுத்தால் நரம்பு வெளியேற வேண்டும். ட்ராக்கை இறுக்கி வைத்திருந்த ஒரு நாளில் முதல் ஓட்டத்திலேயே நரம்பு அறுந்து நல்ல ரோகு ஒன்றை இழந்தேன். மீன் போனதைவிட வாயில் முள்ளோடு போனதுதான் எனக்கு இன்றும் உறுத்தல். அதனால் ஒவ்வொரு முறையும் முதல் வீச்சுக்கு முன் இதைச் சோதிக்கிறேன்.

ராடை உயர்த்திப் பிடித்து ஓடவிடுங்கள். நின்றதும் சுற்றுங்கள், ஓடினால் நிறுத்துங்கள். களைத்துப் பக்கவாட்டில் சாய்ந்ததும், தண்ணீரில் அமிழ்த்திய கைவலைக்கு மேலாக மீனைக் கொண்டுவந்து தூக்குங்கள். வலையால் மீனைத் துரத்தினால் கடைசி நொடியில் தப்பிவிடும்.

சாதா கெண்டையின் முதுகுத் துடுப்பில் முதல் முள் ரம்பப்பல் போல இருக்கும். வலையிலும் மாட்டும், கையையும் கிழிக்கும். தலைப்பக்கமிருந்து துடுப்பைப் படியவைத்துப் பிடியுங்கள். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், காய்ந்த கை பட்டால் மேல்வழவழப்பு போய் மீனுக்கு நோய் வரும். வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு, சின்னதையும் மழைக்காலத்தில் வயிறு பருத்த சினை மீனையும் அதே தண்ணீரில் விட்டுவிடுங்கள். தூக்கி எறியாமல் தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்திருங்கள். வாலை அடித்துத் தானாகக் கையைவிட்டுப் போகும்.