தொடக்ககால அமெரிக்கக் குடியரசின் படைத்தளவாட ஆவணங்களைப் படிக்கும் முறை

காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிகளில் வரலாறு பயிலும் மாணவர்கள் இந்தப் பொருளை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டால், போர்க்கள வருணனைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்கிவிட்டு, கொள்முதல் ஒப்பந்தங்களிலிருந்து தொடங்குவது நல்லது. பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன முன்னோரின் பேரேடுகளையும் சம்பளச் சீட்டுகளையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிய வித்தையன்று. முதலாளி தம் மேலாளிடம் (முகவரிடம்) எவ்வளவு ஒப்படைத்தார், அதற்கு எப்போது கணக்குக் காட்டப்பட்டது என்பதே இங்கும் முதற்கேள்வி.

முதலில் ஆவணங்களின் நிலையை அறிய வேண்டும். 1800 நவம்பர் 8 அன்று வாஷிங்டனில் போர்த்துறை அலுவலகம் தீப்பிடித்து, அதன் கோப்புகள் அழிந்தன. ஆகவே கடிதம் பெற்றவர்களிடமும் பிற அலுவலகங்களிலும் எஞ்சிய படிகளைத் திரட்டி, 1784 முதல் 1800 வரையிலான தொகுப்பை அறிஞர்கள் மீட்டமைத்து இணையத்தில் வைத்துள்ளனர். ஒவ்வொரு கடிதத்துக்கும் எழுதியவர், பெற்றவர், படி கிடைத்த இடம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கடிதம் கிடைக்காததைக் கொண்டு அது எழுதப்படவே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

அடுத்து, முன்பணம் கொடுத்த நாளையும் சரக்கு வந்த நாளையும் அருகருகே எழுதிப் பாருங்கள். 1791 நவம்பர் 4 அன்று, அமெரிக்கப் பழங்குடியினருடனான போரில், தளபதி செயின்ட் கிளேரின் அமெரிக்கப் படை அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தது. அதை விசாரித்த பிரதிநிதிகள் சபைக் குழு, தளபதியைக் காட்டிலும் ஒப்பந்ததாரர் வில்லியம் டூவரையும் தளவாட அதிகாரி சாமுவேல் ஹாட்ஜ்டனையுமே, தளவாடம் வழங்குவதில் நேர்ந்த குறைகளுக்காக, மிகுதியாகக் குறைகூறியது. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் மறுத்ததால் விசாரணை நீண்டது. எனவே முதல் அறிக்கையோடு நின்றுவிடாமல் மறுப்புகளையும் படிக்க வேண்டும்.

துப்பாக்கிக் கொள்முதலில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. 10,000 துப்பாக்கிகளை இரண்டே ஆண்டுகளில் தருவதாக 1798இல் ஒப்புக்கொண்ட உற்பத்தியாளர் ஈலை விட்னி, 1809இல்தான் முழுவதையும் கொடுத்து முடித்தார். ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் பொருந்தும் என்று அவர் 1801இல் செய்துகாட்டியதை இன்றும் பலர் வியந்து எழுதுகின்றனர். ஆனால் எஞ்சியுள்ள துப்பாக்கிகளைச் சோதித்தவர்கள் அவற்றின் உறுப்புகள் அவ்வாறு மாற்றிப் பொருத்தத்தக்கவையாக இல்லை என்று கண்டனர். என் கருத்தில், விளம்பரத்தை விட்டுவிட்டு, 1794ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி அமைந்த ஸ்பிரிங்ஃபீல்டு, ஹார்ப்பர்ஸ் ஃபெரி அரசு ஆயுத ஆலைகளின் கணக்குகளைத் தொடர்வதே பயனுள்ளது. பொருத்தத்தக்க உறுப்புகளைத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் ஹால் மெய்யாகவே செய்துகாட்டியது, ஹார்ப்பர்ஸ் ஃபெரியில், 1820களில்.

பொறியியலைப் பொறுத்தவரை, ஒவ்வொரு பொறியாளரும் எங்கே பயின்றார் என்று தேடுங்கள். 1794இல் தொடங்கிய கடற்கரைக் கோட்டைப் பணிகளை ரோஷ்ஃபோந்தேன் போன்ற பிரெஞ்சுக்காரர்களே பெரிதும் மேற்பார்வையிட்டனர். 1802 மார்ச் 16 அன்று பொறியாளர் படைப்பிரிவும் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்விக்கூடமும் சட்டப்படி உருவான பின்னரும் அந்தச் சார்பு உடனே அறவில்லை. அக்கல்விக்கூடத்தின் முதல் தலைவர் ஜொனாதன் வில்லியம்ஸே பிரெஞ்சுப் பீரங்கி நூலொன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். ஆகவே அமெரிக்கருக்கே உரிய நுட்பம் என்று எதையாவது எழுதுமுன், அதே செய்தி அக்காலப் பிரெஞ்சு நூல்களில் உள்ளதா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.