இருட்டு அரங்கில் போன் வீடியோ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரதநாட்டிய அரங்கேற்றத்தில் விளக்கை அணைத்ததும் மூன்றாம் வரிசையில் ஒரு போன் திரை மட்டும் பளீரென்று எரியும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மேடைக்கு முன்னால் அதுதான் கண்ணில் படும். அதனால் திரையை இருட்டாக்கிப் பதிவு செய்வது நல்ல பழக்கம். ஆனால் புதியவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் சறுக்குகிறார்கள். லென்ஸைத் துடைப்பது, சார்ஜ் போடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுவோம்.

பவர் பட்டனை அழுத்துவது

போனோடு வரும் கேமராவில் பெரும்பாலும் திரையோடு பதிவும் நின்றுவிடும். ஐபோனில் நிச்சயம் நிற்கும். அங்கே பிரைட்னஸைக் கடைசிவரை இறக்கி, ஆக்சஸிபிலிட்டியில் 'ரெட்யூஸ் ஒயிட் பாயின்ட்' போடுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில் 'எக்ஸ்ட்ரா டிம்' இதே வேலையைச் செய்யும். திரை அணைந்த பிறகும் பதிவு செய்யும் தனிச் செயலிகள் ஆண்ட்ராய்டில் உண்டு. அவை நோட்டிஃபிகேஷன் காட்டிக்கொண்டுதான் ஓடும், அதைத் தள்ளிவிடாதீர்கள்.

சில செயலிகள் கறுப்புப் படத்தை மட்டும் காட்டும். ஓஎல்இடி திரைக்கு அது போதும். எல்சிடியில் பின்னொளி எரிந்துகொண்டே இருப்பதால் சாம்பல் பூத்த மாதிரித் தெரியும்.

மூன்று மணி நேரத்தை ஒரே கோப்பில் எடுப்பது

இந்தத் தவறைப் பார்த்தால் இன்றும் பொறுக்க முடிவதில்லை. எம்பி4 கோப்பில் படமும் ஒலியும் வர வர எழுதப்படும். எந்த நொடி எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை மட்டும் பொதுவாக, பதிவை நிறுத்தும்போதுதான் கடைசியாக எழுதப்படும். அதற்கு முன் செயலி செத்துவிட்டால் அட்டவணை இல்லை. ஃபைல் மேனேஜர் 8 ஜிபி என்று காட்டும், எந்தப் பிளேயரிலும் திறக்காது. திரை இருட்டாக இருப்பதால் செயலி நின்றதும் தெரியாது. மகள் ஆடிய வர்ணம் என்ற நீண்ட உருப்படி முழுவதும் உள்ளே இருக்கும், பார்க்க வழியிருக்காது.

செயலியைக் கொல்வது பெரும்பாலும் போனின் பேட்டரி சேமிப்புதான். இடைவேளையில் போனை வாங்கி மணி பார்த்தவர், பழக்கதோஷத்தில் 'கிளியர் ஆல்' தட்டிவிட்டுக் கொடுப்பதும் நடக்கிறது.

முதலில் செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பேட்டரி பகுதியை 'அன்ரெஸ்ட்ரிக்டட்' ஆக்குங்கள். பிறகு ஒவ்வொரு உருப்படி முடிந்து கைதட்டல் எழும்போதும் நிறுத்தி, மறுபடி தொடங்குங்கள். அலாரிப்பு ஒரு கோப்பு, ஜதிஸ்வரம் ஒரு கோப்பு. போனால் ஒரு உருப்படியோடு போகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக வெட்டும் வசதி வேண்டாம். சில செயலிகளில் வெட்டும் இடத்தில் ஒரு நொடி விடுபடும். வர்ணத்தின் தீர்மானத்தில், அதாவது ஜதி முடிக்கும் கோர்வையில், அந்த நொடி விழுந்தால் தாளமே உடைந்துவிடும்.

கோப்பு கெட்டுவிட்டால் அழிக்காதீர்கள். அதே போனில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், 'அன்ட்ரங்க்' என்ற இலவச கணினி மென்பொருள் பல சமயம் மீட்டுத் தரும்.

சைலன்ட் போதும் என்று நினைப்பது

போதாது. ஏரோப்பிளேன் மோட்.

போகஸைத் தானியங்கியில் விடுவது

திரை இருண்ட பிறகு திருத்த முடியாது. மேடை விளக்கு எரியும்போதே திரையில் ஆடுபவரின் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து லாக் செய்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். ஸ்பாட் லைட் விழும்போது முகம் வெளுத்துப் போகாது.

எல்லாவற்றையும் 4கே-யில் எடுப்பது

ஐபோனில் ஹெச்இவிசி என்ற சுருக்கும் முறையில் 1080பி, 30 பிரேம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி. 4கே, 30 பிரேம் என்றால் 170 எம்பி. மூன்று மணி நேரத்துக்கு 11 ஜிபி எங்கே, 31 ஜிபி எங்கே! சூடும் அதற்கேற்ப ஏறும். தடித்த உறையைக் கழற்றிவிடுங்கள்.

கேட்காமல் எடுப்பது

மேடைக் கலைஞர்களுக்குத் தங்கள் நிகழ்ச்சியின் பதிவில் உரிமை தருகிறது காப்புரிமைச் சட்டம். சினிமா தியேட்டரில் எடுத்தால், 2023 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதச் சிறை. திரையை இருட்டாக்குவது பின்வரிசைக்காரரின் கண்ணுக்காக. படம்பிடிக்கப்படுபவருக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.