ராஜினாமா கடிதத்தில் தேதி எங்கே? ஆசிரியர் வேலையை விடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் என்னோடு வேலை பார்க்கும் இளம் ஆசிரியை ஒருவர் ராஜினாமா கடிதத்தை எழுதிவிட்டு, "ஒரு தடவை பார்த்துடுங்க மிஸ்" என்று போனை நீட்டினார். கடைசி வரியைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. "இக்கல்வியாண்டின் முடிவில் என்னைப் பணியிலிருந்து விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." 11 வருடங்களுக்கு முன்பு நான் எழுதிய அதே வரி. இப்படி எழுதிக்கொண்டு என்னிடம் வந்தவர்களில் இவர் நான்காவது ஆள்.

கோபத்தில் எழுதாதீர்கள், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களும் விழுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

தேதி இல்லாத கடிதம்

கல்வியாண்டின் முடிவு என்றால் எந்த நாள்? கடைசித் தேர்வு நாளா, மதிப்பெண் பட்டியலை ஒப்படைக்கும் நாளா, விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கு முந்தைய நாளா? எழுதுகிறவர் மனதில் ஒரு நாள் இருக்கும். படிக்கிற நிர்வாகத்துக்கு வேறொரு நாள் வசதியாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே நிற்பது உங்கள் விடுமுறைக் காலச் சம்பளம்.

நான் விடுமுறையின் கடைசி நாளை நினைத்து எழுதினேன். பள்ளியோ நான் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்த நாளோடு கணக்கை முடித்துவிட்டது. சம்பளம் வரவில்லையே என்று போய்க் கேட்டபோது, கணக்குப் பிரிவில் இருந்தவர் ஃபைலைத் திறந்து, கடிதத்தை என் பக்கம் திருப்பி, அந்த வரியின் மேல் விரலை வைத்தார். "ஆண்டு முடிவுன்னு நீங்கதானே மிஸ் எழுதியிருக்கீங்க?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எழுத்தில் இருந்ததைத்தான் அவர் படித்தார். இரண்டு மாதச் சம்பளம் அதோடு போயிற்று.

அதோடு நிற்கவில்லை. அனுபவச் சான்றிதழிலும் அதே தேதிதான் ஏறியது. புதிய பள்ளியில் சேர்ந்தது பள்ளி திறந்த நாளில். நடுவில் விழுந்த இடைவெளியால், பிறகு பணிமூப்பு கணக்கிட்டபோது என் தொடர்ச்சியான பணிக்காலம் அறுந்தது. பணம் போனதைக்கூட மறந்துவிட்டேன். இது இன்னும் உறுத்துகிறது.

பல பள்ளிகளில் ஆண்டுச் சம்பளத்தைப் 12 தவணையாகப் பிரித்துத் தருகிறார்கள். அப்படியானால் விடுமுறையில் வரும் சம்பளம் வகுப்பில் நின்று நீங்கள் ஏற்கெனவே உழைத்துச் சம்பாதித்தது. வேறு சில பள்ளிகளில், திறக்கும் நாளில் வந்து கையெழுத்துப் போடுகிறவருக்கே விடுமுறைச் சம்பளம் என்று விதி இருக்கும். விடுமுறை நாட்களை முன்னறிவிப்புக் காலத்தில் சேர்க்காத பள்ளிகளும் உண்டு. உங்கள் பள்ளி எந்த வகை என்பது நியமன ஆணையில் இருக்கும். கடிதம் எழுத உட்காரும் முன் அதை எடுத்து ஒரு தடவை முழுதாகப் படியுங்கள்.

இங்கிலாந்தில் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் பெரும்பாலும் இந்தக் குழப்பம் கிடையாது. கோடைப் பருவத்தோடு விலக நினைக்கும் ஆசிரியர் மே 31க்குள் கடிதம் கொடுக்க வேண்டும். பணி முடியும் நாள் ஆகஸ்ட் 31. வகுப்புகள் ஜூலையிலேயே முடிந்துவிட்டாலும் ஆகஸ்ட் கடைசி வரை அவர் அந்தப் பள்ளியின் ஆசிரியர்தான். இந்தத் தேதிகள் பொதுவான பணி நிபந்தனைகளிலேயே இருக்கின்றன. அப்படி ஓர் ஏற்பாடு இல்லாத இடத்தில் தேதியை நாம்தான் எழுத வேண்டும்.

சரி, எப்படி எழுதுவது? "கடைசி வேலை நாள்" என்று போடாதீர்கள், அதுவும் பாடம் நடத்திய கடைசி நாள் என்று ஆகிவிடும். "இன்ன தேதி வரை நான் பணியில் இருப்பேன், விடுமுறைக் காலமும் இதில் அடங்கும்" என்று நாள், மாதம், வருடத்தோடு எழுதுங்கள். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்ட தேதி, கையெழுத்து, சீல் மூன்றையும் வாங்குங்கள். முன்னறிவிப்புக் காலத்தை அவர்கள் பெற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். தலைமையாசிரியர் அறையில் வாயால் சொல்லி, அவர் "சரி, பார்த்துக்கலாம்" என்றது எந்தக் கணக்கிலும் வராது.

இதைச் சொன்னதும் அந்தப் பெண், "இவ்வளவு வெளிப்படையா எழுதினா, காசுக்காகக் கேக்கிற மாதிரி இருக்காதா மிஸ்?" என்றார். என் கையைக் கட்டிப்போட்டதும் இதே கூச்சம்தான். ஆசிரியர் என்றால் பணத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று யாரோ நமக்குள் ஏற்றி வைத்திருக்கிறார்கள். உழைத்த சம்பளத்தைக் கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை. கேளுங்கள்.

நியமன ஆணை வருமுன் கடிதம் கொடுப்பது

புதிய பள்ளியின் ஆணை கையில் வரும்வரை பொறுங்கள்.

அசல் சான்றிதழ்களை மறப்பது

பள்ளியிடம் கொடுத்து வைத்திருந்தால், ராஜினாமா கடிதத்திலேயே அவற்றைத் திருப்பிக் கேளுங்கள். கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள்.

பட்டியல் இல்லாமல் ஒப்படைப்பது

மதிப்பெண் பதிவேடு, ஆய்வகச் சாவி, நூலகப் புத்தகம், திருத்திய விடைத்தாள் என எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, வாங்கியவரின் கையெழுத்தைப் பெறுங்கள். என் தோழி ஒருவருக்கு ஒரே ஒரு நூலகப் புத்தகத்துக்காக விடுவிப்பு ஆணை மூன்று வாரம் தாமதமானது. புத்தகம் கடைசியில் நூலக அலமாரியிலேயே இருந்தது, பதிவேட்டில்தான் அடிக்காமல் விட்டிருந்தார்கள். அப்புறம், சம்பளச் சீட்டும் பயிற்சிச் சான்றிதழும் பள்ளி கொடுத்த மின்னஞ்சலில் மட்டும் இருந்தால், அந்தக் கணக்கை மூடுவதற்குள் உங்கள் சொந்த முகவரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வகுப்பில் முதலில் சொல்லிவிடுவது

காலையில் பிள்ளைகளிடம் சொன்னால் மாலைக்குள் பெற்றோருக்குத் தெரிந்துவிடும். நிர்வாகம் தேதியை உறுதி செய்த பிறகு சொல்லுங்கள். ஆனால் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு திங்கட்கிழமை வகுப்புக்குள் வேறு ஆசிரியர் நுழைவதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விடக்கூடாது.

ஆண்டின் நடுவில் அப்படியே கிளம்புவது

உடல்நிலை, குடும்பம் என்று சில நேரம் தவிர்க்க முடியாது. அப்போதும் நீங்களாக நின்றுவிடாமல், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விடுவிப்பாக எழுதி வாங்குங்கள். அமெரிக்காவின் சில மாநிலங்களில் ஒப்பந்தத்தை நடுவில் முறித்துப் போகும் ஆசிரியரின் கற்பிக்கும் உரிமத்தையே சில காலம் நிறுத்திவைக்க முடியும்.

போகும் முன் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். பாடம் எந்தப் பக்கத்தில் நிற்கிறது, பின்னத்தில் யார் யார் இன்னும் தடுமாறுகிறார்கள், கரும்பலகை சரியாகத் தெரியாததால் யாரை முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அடுத்து வருகிறவர் இதையெல்லாம் தானாகக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆகும்.