பனியில் நிற்கும் நரிக்கு வெள்ளை பெயிண்ட் கொஞ்சம் போதும்

எண்ணெய் வண்ணத்தில் பனி வரைய வேண்டும் என்றதும் டைட்டானியம் வெள்ளையைப் பிதுக்கி கேன்வாஸ் முழுக்கப் பூசத்தான் கை போகும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், கடைசியில் நரி வெள்ளைத்தாளில் ஒட்டின ஸ்டிக்கர் மாதிரி நின்றது.

முதலில் பர்ன்ட் சியன்னாவை (செம்பழுப்பு நிறம்) டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து கேன்வாஸ் மேல் ஒரு பூச்சு கொடுங்கள் (ஜன்னல் திறந்திருக்கட்டும்). அது காய்ந்ததும் நிழல்களைப் போடுங்கள். அல்ட்ராமரைன் நீலம், துளி பர்ன்ட் சியன்னா, வெள்ளை, அவ்வளவுதான். வெயில் நாளில் நிழல் விழுந்த பனிக்கு வானத்தின் வெளிச்சம் மட்டுமே கிடைக்கிறது, அதனால்தான் அது நீலம். மூட்டமான நாளென்றால் சாம்பலாக இருக்கும். பிரெஞ்சு ஓவியர் மோனே 1868-69இல் வரைந்த 'மேக்பை' ஓவியத்தில் வேலியின் நிழலைப் பாருங்கள், புரிந்துவிடும். வெயில் படும் பனிக்கு வெள்ளையில் தூரிகை நுனியளவு எல்லோ ஆக்கர் (மண்மஞ்சள்). சுத்த வெள்ளையைக் கடைசியில்தான் தொட வேண்டும், அதுவும் இரண்டு மூன்று இடத்துக்கு மேல் வேண்டாம்.

சரி, நரி. ரோமத்தை மறந்துவிட்டு வெளிச்சப் பக்கம், நிழல் பக்கம் என்று இரண்டே பெரிய திட்டுகளாகப் போடுங்கள். பனி கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் வயிற்றுப் பக்கம் நாம் நினைப்பதைவிட வெளிறியும் லேசாக நீலமாகவும் இருக்கும். அங்கே கறுப்பைப் பூசினால் கெட்டது. கால்தான் முக்கியம். பாதத்தை அழகாக வரைந்து, ஈரம் இருக்கும்போதே பனி நிறத்தை அதன் மேல் இழுத்துப் பாதியை மூடிவிடுங்கள், பள்ளத்துக்குள் ஒரு அடர்நீலக் கீற்று வையுங்கள், அப்போதுதான் கால் புதையும். அப்புறம் பிடரி, வால், முதுகு விளிம்பு ஆகிய இடங்களில் மட்டும் ஏறக்குறைய உலர்ந்த விசிறித் தூரிகையால் ரோமம் சாயும் திசையில் இழுங்கள். பனிக்கரடி மாதிரி வெள்ளை விலங்கென்றால் பயப்பட வேண்டாம், பனியைவிடக் கொஞ்சம் மஞ்சளாகப் போட்டால் தனியே தெரியும்.

அடியில் எண்ணெய் குறைந்த மெல்லிய பூச்சு, மேலே போகப்போக எண்ணெய் கூடுதல். மாற்றினால் பின்னால் பெயிண்டில் வெடிப்பு விழும். லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் நாளாக மஞ்சளாகும், வெள்ளைக்கு வால்நட் எண்ணெய் பரவாயில்லை.

பனி பொழிவது வேண்டுமென்றால் படம் நன்றாகக் காய்ந்தபின் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் வெள்ளையைத் தெறிக்கவிடுங்கள். காய்ந்திருந்தால், நரியின் கண்ணில் விழுந்த துளியைத் துணியால் துடைத்துவிடலாம்.