ஜெர்மனியில் அறை தேடுவோர் பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய சான்று

ஜெர்மனிக்குப் படிக்கவோ ஆய்வு செய்யவோ வரும் நம்மவர்கள் வாடகை எவ்வளவு, பல்கலைக்கழகம் எவ்வளவு தொலைவு, சமையலுக்குத் தடை உண்டா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள்; அந்த முகவரியில் தம் பெயரைப் பதிவு செய்ய முடியுமா என்பதைப் பலர் கேட்பதில்லை. ஊரில் முன்பணம் கொடுத்துச் சாவி வாங்கிவிட்டால் குடிவந்தாயிற்று. இங்கே குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அன்மெல்டுங் எனப்படும் அந்தப் பதிவு முடியாதவரை மற்ற வேலைகள் எவையும் ஒழுங்காக நகர்வதில்லை.

தேடும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேர்க்கைக் கடிதம் வந்தவுடன், விசாவுக்குக் காத்திராமல், அந்நகரத்தில் ஷ்டூடியரெண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பு நடத்தும் விடுதிகளுக்கு விண்ணப்பியுங்கள். பெரிய நகரங்களில் காத்திருப்போர் பட்டியல் மிக நீளமானது. ஆய்வாளர்கள் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு அலுவலகத்துக்கு எழுதி விருந்தினர் இல்லத்தில் இடம் கேட்கலாம். இவை கிடைக்காதபோதுதான் பலரும் சேர்ந்து வாழும் வேகே வீடுகளும் உள்வாடகை அறைகளும். விளம்பரத்தில் கால்ட்மீட்டெ என்றிருந்தால் அதில் வெப்பமூட்டும் செலவு முதலியவை அடங்கா. எனவே அவற்றையும் சேர்த்த வார்ம்மீட்டெ தொகையைக் கொண்டே ஒப்பிடுங்கள். முன்பணம் மூன்று மாதக் கால்ட்மீட்டெயைத் தாண்டக் கூடாது; அதையும் மூன்று தவணைகளாகக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதாகவும், பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும் என்றும் எவரேனும் எழுதினால், பதில் போடவே வேண்டாம்.

இனி, நான் இதை எழுதக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். பதிவுக்குக் கடவுச்சீட்டும் வாடகை ஒப்பந்தமும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. யார், எந்த முகவரியில், எந்த நாளில் குடிபுகுந்தார் என்று எழுதி, வீடு தருபவர் உறுதியளிக்கும் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங் என்ற சான்றும் வேண்டும். 2015 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பதிவுச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்த என் நண்பருக்கு, இங்கே பல ஆண்டுகளாக வாழும் தமிழர் ஒருவரே தம் வாடகை வீட்டில் ஓர் அறையை உள்வாடகைக்குக் கொடுத்தார். "நமக்குள் எதற்குத் தம்பி தாளும் கையெழுத்தும்" என்ற அவருடைய சொல்லை மதித்து, நண்பர் முன்பணம் முழுவதையும் ஒரே தவணையில் கொடுத்துவிட்டார். குடிபுகுந்தபின் சான்று கேட்டபோது அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டவர், கடைசியில்தான் உண்மையைச் சொன்னார்: உள்வாடகைக்கு விட வீட்டு உரிமையாளரிடம் அவர் அனுமதியே பெறவில்லை, கையெழுத்திட்டால் அது வெளிப்பட்டுவிடும். அதற்கு மாற்றாக, தமக்குத் தெரிந்த வேறொருவர் வீட்டு முகவரியில் பதிந்துகொள்ளச் சொன்னார். குடியிருக்காதவருக்குப் பதிவுக்காக முகவரி கொடுப்பது 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கத்தக்க குற்றம் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. மொழி தெரியாமல் வந்து இறங்கிய ஒரு பிள்ளையிடம், அதே மொழி பேசும் ஒருவர் இப்படி நடந்துகொண்டதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

பதிவு இல்லாததால் நண்பருக்கு வரி அடையாள எண் வரவில்லை. அது இல்லாததால் சம்பளத்தில் மிக உயர்ந்த வரிப்பிரிவின்படி பிடித்தம் செய்தார்கள். அந்தத் தொகையைப் பிற்பாடு வரிக்கணக்குத் தாக்கல் செய்து மீட்கலாம் என்றாலும், புதிதாக வந்தவருக்குக் காசு தேவைப்படுவது முதல் மாதங்களில்தான். நுழைவு விசாவின் காலம் கரைந்துகொண்டிருக்க, வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கும் வேலையும் நின்றுபோயிற்று. வேறு அறைக்கு மாறியபோது முன்பணத்தில் ஒரு பகுதி திரும்பவே இல்லை.

ஆகவே, பணம் அனுப்புவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: பதிவுக்கான சான்று தருவீர்களா, உள்வாடகை என்றால் உரிமையாளரின் அனுமதி இருக்கிறதா. வீடு தருபவர் ஊர்க்காரராக இருந்தாலும், அண்ணன் என்றோ அக்கா என்றோ அழைக்கும் உறவாக இருந்தாலும், இதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நேர்மையானவர் முகம் சுளிக்க மாட்டார். விளம்பரத்திலேயே பதிவு இயலாது என்றிருந்தால், வாடகை எவ்வளவு மலிவானாலும் நீண்ட காலத் தங்கலுக்கு அந்த அறை உதவாது. குடிபுகுந்தபின் சான்று தர மறுத்தால், இரண்டு வாரம் கடக்கும்வரை கெஞ்சிக்கொண்டிராமல், மறுப்பை உடனே பதிவு அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். அப்படித் தெரிவிக்க வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது, வீடு தந்தவரும் அபராதத்துக்கு உள்ளாகலாம்.

பதிவு முடிந்த அன்றே தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டிவிடுங்கள். வரி எண் கடிதமாகத்தான் வரும். பெட்டியில் பெயர் இல்லையென்றால் அது வந்த வழியே திரும்பிப் போய்விடும்.