முதலில் கண்ணை வரையாதீர்கள்

போன ஞாயிறு முகம் வரையும் வகுப்பில் ஒரு பையன் ஏ3 தாளின் நடுவில் ஒற்றைக் கண் வரைந்துகொண்டிருந்தான். இமைமுடி, கருவிழியில் ஜன்னல் வெளிச்சம் எல்லாம் முடிந்துவிட்டது. முகம் இன்னும் தொடங்கவில்லை. எனக்குப் பழைய எரிச்சல் மறுபடி வந்தது. கைபட்டுத் தாள் அழுக்காவது, ரப்பர் தேய்த்து நைந்துபோவது எல்லாம் நாலு படம் போட்டால் தானே சரியாகும். இந்தத் தப்பும், கீழே வரும் மற்றத் தப்புகளும் அப்படித் தானாகச் சரியாகாது.

ஒரு கண்ணை முடித்துவிட்டு முகத்தைத் தேடுவது

நானும் அப்படித்தான் இருந்தேன். பக்கத்து வீட்டு அத்தை, காலமான மாமாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் கொடுத்துப் பெரிதாக வரையச் சொன்னார். 500 ரூபாய் அட்வான்ஸ். இரண்டு ராத்திரி இடது கண்ணிலேயே கிடந்தேன். அது ஒரு நூல் பெரிதாகிவிட்டது. அதற்குச் சமமாக அடுத்த கண்ணைப் போட்டதும் மூக்குக்கு இடம் போதவில்லை. மூக்கை ஒடுக்கினேன், கன்னத்தை அகட்டினேன். அழித்திருக்க வேண்டியது அந்த முதல் கண்ணை. ஆனால் இரண்டு ராத்திரி உழைப்பை அழிக்க யாருக்கு மனசு வரும்?

"கண்ணு அவரு கண்ணுதான். ஆனா இது அவரு இல்லப்பா" என்றார் அத்தை. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டில் தூரத்தில் நிற்கிற சித்தப்பாவை இமைமுடியை வைத்தா கண்டுபிடிக்கிறீர்கள்? மண்டையின் வடிவம், கழுத்தின் சாய்வு, கண்குழியிலும் மூக்கடியிலும் விழும் நிழல். சாயல் அங்கேதான் இருக்கிறது. எனவே எச்பி பென்சிலால் மெல்லிசாக உச்சியையும் மோவாயையும் குறித்துவிட்டு, கண்கோடு, மூக்கடி, வாய்க்கோடு போடுங்கள். இரண்டு கண்களின் வெளிமுனைகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பென்சிலில் அளந்து, கண்கோட்டிலிருந்து மோவாய் வரை வைத்துப் பாருங்கள். இந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும். கண்குழிகள் முதலில் வெறும் நிழல் திட்டுகளாக இருக்கட்டும். அரைமணி நேரத்துக்கு ஒரு இமைமுடிகூட வேண்டாம். இப்போது கண்ணை நகர்த்த ஒரு அழிப்பு போதும்.

போட்டோவிலும் தாளிலும் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பார்த்து வரைவது ஏமாற்று வேலை என்று அப்போது எனக்கு ஒரு வீம்பு வேறு. சென்னையில் சினிமா பேனர் வரைந்தவர்கள் ஸ்டில்லில் கட்டம் போட்டுத்தான் மாடி உயர முகங்களை எழுப்பினார்கள்.

நெற்றியின் உயரத்தைக் குறைத்துவிடுவது

உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கின்றன கண்கள். நாம் பேசுவது கண்ணையும் வாயையும் பார்த்து என்பதால், தாளில் கண்ணை மேலே ஏற்றிவிடுகிறோம். மண்டை தட்டையாகிவிடும்.

செல்ஃபியைப் பார்த்து வரைவது

கைநீளத்தில் எடுத்த படத்தில் மூக்கு பெருக்கும், காது பின்வாங்கும். அதை அச்சாக வரைந்தாலும் ஆள் வரமாட்டார். ஏழெட்டு அடி தள்ளி நின்று, ஜூம் வைத்து எடுத்த படம் கேளுங்கள்.

பல்லை ஒவ்வொன்றாக வரைவது

வேண்டாம்.

கண்ணாடியில் காட்டாமல் முடிப்பது

படத்தைக் கண்ணாடிக்கு முன்னால் பிடியுங்கள். மூன்று நாளாகக் கண்ணில் படாத கோணல் வாய் உடனே தெரியும்.